துண்டுக்காரன் வீடு திரும்பிய கதை

குளிர்காலத்தில் சவூதியின் அல் கோபார் நகரத்துக் காற்று அத்தனை வறண்டிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்த கையோடு அதன் கண்ணாடியில் கன்னத்தை வைத்தால் சன்னமாகப் பொரியும் சத்தம் கேட்கும், காதோர முடியெல்லாம் எழுந்து நிற்கும். புதன்கிழமை மாலைகளில், அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் நடுவே வந்த அந்தக் கார்ட்டூனுக்கு என் தம்பி அப்படித்தான் விடைகொடுப்பான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு. ஜப்பானில் எப்போதோ வந்த ஒரு சாகசத் தொடரைப் புதிய வண்ணங்களில் மறுபடி வரைந்து, அரபியில் பேசவைத்திருந்தார்கள். நாயகனுக்கு வெள்ளி முகமூடி, கழுத்தில் நீலத்துணி. அவனுடைய அரபிப் பெயர் எங்கள் நாக்கில் நிற்காததால் "துண்டுக்காரன்" என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கடலுக்கடியில் இருந்த ஒரு தீவு அவனுடைய ஊர். ஒவ்வொரு வாரமும் அரக்கனை வீழ்த்திவிட்டு வீட்டுக்குப் போகக் கரைக்கு வருவான். ஒரு கால் தண்ணீரில் இருக்கும்போது பின்னால் அபாயமணி அடிக்கும், திரும்பிவிடுவான்.

தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த அப்பா, ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவர், ஷூவைக் கழற்றாமலே கதவருகில் நின்று அதைப் பார்த்தார்.

"இவன் இன்னுமா ஊருக்குப் போகல?" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த காலத்தில், சாப்பாட்டுக் கூடத்து டிவியில் இதே தொடரின் பழைய வடிவத்தை அவர் வாராவாரம் பார்த்திருக்கிறார். அப்போது துண்டு சிவப்பாம். அப்பாவின் முதல் அரபிச் சொற்கள் அங்கே கற்றவை; அதனால்தான் பக்காலா மளிகைக்கடையில் தக்காளி கேட்கும்போதுகூட அவர் அரக்கனைச் சண்டைக்கு இழுப்பது போலக் கேட்கிறார் என்று அம்மா சிரிப்பாள். அன்றிலிருந்து தம்பியும் அவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

தொடர் பாதியில் இருக்கும்போது, குடும்பத்துக்கான வீட்டு வாடகையைக் கம்பெனி நிறுத்தியது. நாங்கள் மூவரும் பெரம்பலூருக்குத் திரும்புவது, அப்பா மறுபடி ஜுபைல் கேம்ப்புக்குப் போவது என்று முடிவாயிற்று. கடைசி வாரம் வராமல் கிளம்ப மாட்டேன் என்று தம்பி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். "பொம்மைக்காகவாடா இப்படி அழுவுற?" என்று அம்மா அதட்டினாள். அப்பா குனிந்து, "நான் பாத்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போன்ல சொல்றேன். நீ கெளம்பு, யல்லா" என்றார்.

பெரம்பலூர் பள்ளிக்கூடத்தில் தம்பிக்குத் தமிழ் எழுத வரவில்லை. "துபாய்க்காரன்" என்று கேலி செய்தார்கள். நாங்கள் இருந்தது துபாய் இல்லை என்று சொல்லக்கூட அவன் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் போனுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவான். மணி அடித்ததும் அவன் குரல் எங்கிருந்தோ திரும்பி வந்துவிடும். அப்பா அரக்கனை ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தும் நேரத்தில், தொலைபேசி அட்டை தீரப்போவதாக ஒரு பெண்குரல் குறுக்கே புகுந்து சொல்லும், தொடர்பு அறுந்துவிடும். அடுத்த வெள்ளி வரை அவனுக்கு அது போதும்.

ஒருமுறை அப்பா வாய்தவறி, சிவப்புத் துண்டு காற்றில் பறந்தது என்று சொல்லிவிட்டார். "நீலம்ப்பா" என்றான் தம்பி. அந்தப் பக்கம் செருமல் கேட்டது. பிறகு, "தோய்ச்சதுல நீலம் போயி பழைய செவப்பு தெரிய ஆரம்பிச்சுருச்சுடா" என்றார் அப்பா.

லீவு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதைத் தம்பி ஒருகட்டத்தில் நிறுத்திவிட்டான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாரமும், "அவன் ஊருக்குப் போயிட்டானா?" என்று கேட்டான். "இன்னும் இல்லடா" என்பார் அப்பா.

ஒருவழியாக லீவு கிடைத்து அவர் வந்தபோது, திருச்சி விமான நிலையத்தில் தம்பி அவரைத் தாண்டி, பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் மாட்டும் வாயு முகமூடி முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று அப்பாவை மீசை எடுக்கச் சொல்லியிருந்தார்கள், ஆளும் இளைத்திருந்தார். வேனில் தம்பி டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பாடாலூர் தாண்டிய பிறகுதான் திரும்பாமலே கேட்டான்.

"கடைசி வாரம் வந்துருச்சாப்பா?"

"வந்துருச்சு. மணி அடிக்கல. கடலுக்குள்ள நடந்தே போயிட்டான். வாசல்ல நின்னு மொகமூடியக் கழட்டுறான்."

"வீட்ல இருந்தவங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

"மொதல்ல தெரியல," என்றார் அப்பா. "கொஞ்ச நேரம் ஆச்சு."

அடுத்து வண்டி நின்ற இடத்தில் தம்பி இறங்கிவந்து பின்சீட்டில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்தான்.

பல ஆண்டுகள் கழித்து என் கல்யாணத்துக்கு வந்த அப்பாவின் பழைய அறைத்தோழரிடம், அந்தக் காலத்தில் கேம்ப்பில் எங்களுக்காக அப்பா பார்த்த கார்ட்டூனைப் பற்றிக் கேட்டேன். "டிவியாம்மா? அந்த நேரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் சைட்ல இருப்போம்" என்றார் அவர். "திரும்பி வர்ற பஸ்ல, இந்த வாரம் பயலுக்கு என்ன சொல்றதுன்னு ஒவ்வொருத்தரையா கேப்பாரு. பழசுல ஞாபகம் இருந்ததெல்லாம் தீந்துபோச்சு பாரு. ஆமை அரக்கன் ஒருத்தன் வந்தானே, அது நான் குடுத்ததுதான்."

இன்று தொலைபேசி அட்டைகள் இல்லை. குறுக்கே புகும் பெண்குரல் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் தட்டைத் திரையில் கன்னத்தை வைத்தாலும் முடி எழுந்து நிற்பதில்லை. அல் கோபாரில் நாங்கள் இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்களாம். அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி வீடியோவில் அழைக்கும்போது எல்லாம் கண்முன்னே தெரிந்துவிடுவதால், யாரும் யாருக்கும் எதையும் விவரிக்க வேண்டியிருப்பதில்லை.

போன வாரம் அப்படி அழைத்தபோது, பழைய தொடர், புதிய தொடர் இரண்டையும் இணையத்தில் தேடிப்பிடித்துத் தன் மகனோடு பார்த்து முடித்துவிட்டதாகச் சொன்னான். புதியது நாங்கள் ஊர் திரும்பிய சில வாரங்களிலேயே முடிந்திருக்கிறது.

"ரெண்டுலயும் அவன் வீட்டுக்குப் போகவே இல்லப்பா. கடைசி வரைக்கும் கரையிலதான் நிக்கிறான்."

அப்பா சற்றும் அசரவில்லை.

"நீ பாதியில கெளம்பிப் போனவன்," என்றார். "ஒனக்கு என்னடா தெரியும்?"