மூன்றாகப் பிரித்த பக்கம்

உலகம் கைவிட்டுவிட்ட ஒன்றை ஒருவர் பத்தொன்பது ஆண்டுகள் பிழையில்லாமல் கற்றுக்கொடுத்தால், அவர் செய்தது சரியா, தவறா? பிரேம் மாஸ்டருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் பிற்பகல் வகுப்பில்தான் எழும். பதில் தேடுவதற்குள் யாராவது கையைத் தூக்கி, "சார், வெள்ளையா வருது" என்பார்கள். அவர் எழுந்து போவார்.

டயர் கடைக்கு மேலே இருந்தது அந்தக் கணினிப் பயிற்சி நிலையம். படியேறும்போதே ரப்பர் வாடையும் கூடவே ஏறி வரும். பன்னிரண்டு கணினிகளில் ஒன்பது ஓடும். அலுவலகங்களில் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டவர்கள்தான் அங்கே அதிகம் வந்தார்கள். தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் கடைசிப் பாடம், எச்.டி.எம்.எல். கொண்டு ஒரு வலைப்பக்கத்தைப் பிரேம்களாகப் பிரிப்பது; மாஸ்டருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். மேலே ஒரு பட்டை. அதன் கீழே இடப்பக்கம் ஒல்லியாக ஒரு பகுதி, வலப்பக்கம் அகலமாக ஒன்று. இடப்பக்கம் ஒரு பெயரைச் சொடுக்கினால் அதன் விவரம் வலப்பக்கம் திறக்க வேண்டும். ஒரே திரையில் தெரிந்தாலும் மூன்றும் தனித்தனிக் கோப்புகள். யாருக்கு எவ்வளவு இடம் என்று சொல்லி அவற்றை நிறுத்தி வைக்க நான்காவதாக ஒரு கோப்பு.

அதில் ஓர் இடறல் உண்டு. மற்றப் பக்கங்களில் பாடி என்ற குறியை எழுதி அதற்குள்தான் எதையும் வைக்க வேண்டும். இந்த நான்காவது கோப்பில் மட்டும் அதை முதலில் எழுதிவிட்டால் பிரேம்கள் வராது. திரை வெள்ளையாக நிற்கும். பழகிய கை அதை எழுதித்தான் தொலைக்கும். "பாடியைத் தூக்குங்க" என்று மாஸ்டர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவார்.

"எங்க ஆஸ்பத்திரியிலகூட இத்தனை தடவை சொல்ல மாட்டாங்க சார்" என்றார் ஒரு முறை, ஆஸ்பத்திரி ஊழியரான ரெக்கார்ட் அக்கா. வகுப்பே சிரித்தது. மாஸ்டரும் சிரித்திருக்கலாம், அவருக்கு அன்று பல் வலி.

பிரேம்கள் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. கைப்பேசித் திரையில் மூன்று பகுதிகளும் நசுங்கின. எந்தப் பகுதியைத் திறந்தாலும் மேலே முகவரி மாறாததால், பிடித்த பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. புது விதியில் அவற்றுக்கு இடமே இல்லை. மாஸ்டர் இதையெல்லாம் விளக்கி வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் கிணற்றில் போட்ட கல். பிறகு எழுதவில்லை. பாடத்தை மட்டும் ஒழுங்காக நடத்தினார்.

"போகாத ஊருக்கு வழி சொல்லிட்டு வந்தாச்சா?" என்பாள் மனைவி, அவர் செருப்பைக் கழற்றும்போது.

"சொல்லியாச்சு."

"யாராவது போனாங்களா?"

"பாஸாகிப் போனாங்க."

ரெக்கார்ட் அக்காவுக்கு மாஸ்டரின் வயதுதான். ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் இருபத்திரண்டு வருடம். பிரிவுத் தலைவர் பதவி காலியாகி, மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கொடுத்தால் அவருக்கு, இல்லையென்றால் அடுத்த நிலையில் இருப்பவருக்கு என்றாகியிருந்தது. போன தேர்வில் வெள்ளைப் பக்கத்தோடு எழுந்து போனவர் அவர்.

"என்கிட்ட வேலை கத்துக்கிட்டவ சார் அவ. நாளைக்கு அவகிட்ட நான் லீவு கேட்டு நிக்கணும்."

"நிக்க வேணாம். பாடியைத் தூக்குங்க, போதும்."

செய்முறைத் தேர்வில் ஒரே கேள்வி, பக்கத்தை மூன்றாகப் பிரிப்பது. மாஸ்டர்தான் தேர்வாளர், வாய் திறக்கக்கூடாது. ஏழாம் கணினிக்குப் பின்னால் வந்து நின்றார். அக்காவின் திரை வெள்ளை. நான்காவது வரியில் பாடி உட்கார்ந்திருந்தது. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மற்ற வரிகளையெல்லாம் தேடினார். அதைத் தாண்டித் தாண்டிப் போனார். மாஸ்டர் நகர்ந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அக்கா வேறொரு கோப்பைத் திறந்து வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் மகள் சொல்லிக்கொடுத்த புது முறை. பிரேமே கிடையாது; ஒரே பக்கத்துக்குள் மூன்று பெட்டிகள். மேலே பட்டை, இடப்பக்கம் பெயர்கள். சொடுக்கினால் வலப்பக்கம் விவரம் வந்தது. மாஸ்டர் பத்தொன்பது வருடமாகக் காட்டிய பக்கத்துக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வாரியத்தின் விடைக்குறிப்பு ஒரு வரியில் முடிந்தது: பிரேம் இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை.

எல்லோரும் போன பின் நிலைய முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், அந்த மொதல் கோப்புல ஒரு வரிதானே. எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது? உங்களுக்குக் கூச்சமா இருந்தா நான் எடுக்கிறேன்."

"நீங்க எடுத்தா ரெண்டு வரி சேர்ந்து போயிடும்."

அவரே எடுத்தார். வெள்ளைத் திரை சட்டென்று மூன்றாகப் பிரிந்தது. கோடுகள் நேராக நின்றன. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரியை இருந்த இடத்திலேயே திரும்ப எழுதினார். திரை மறுபடி வெளுத்தது.

"என்ன மாஸ்டர் இது?"

மாஸ்டர் மதிப்பெண் தாளை எடுத்தார். இரண்டாவது கோப்பின் பெயரை எழுதி, எதிரே முழு மதிப்பெண் போட்டார். குறிப்பு என்ற கட்டத்தில், "கேட்டது வேலை செய்கிறது" என்று எழுதினார்.

முதலாளி கையைப் பிசைந்தார். "இது தெரிஞ்சே தலையைக் கொடுக்கிறது."

அக்காவுக்குச் சான்றிதழ் கிடைத்தது, பதவியும் கிடைத்தது. ஒரு மதியம் படியேறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். "நீங்க சொன்ன மாதிரி நான் எழுதல சார். எனக்குத் தெரியும். அப்புறம் எப்படி?"

"அந்த நாற்காலியக் கொஞ்சம் விடுங்கம்மா. அடுத்த பேட்ச் உக்காரணும்."

இரண்டு மாதம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. கொடுத்த சான்றிதழில் மாற்றமில்லை. ஆனால் விடைக்குறிப்பை மீறியதற்கான காரணத்தைத் தேர்வாளர் பதினைந்து நாளுக்குள் விரிவாக எழுத வேண்டும். பாடத்திட்டக் குழுவும் அதைப் படிக்கும். எழுதாவிட்டால் தேர்வாளர் பட்டியலில் பெயர் இருக்காது.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "மூணு தடவை நீங்களா எழுதினீங்க, ஒருத்தன் சீந்தல. இப்ப அவங்களே கேக்குறாங்க. குழுவே படிக்கப்போகுதாம். எடுங்க பேனாவ."

அவர் எடுத்தார். தேதி போட்டார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினார். ஒரு வெள்ளைத்தாள் முழுதும் கீழே காத்திருந்தது.

"என்னங்க, எழுதுங்க."

மூன்று கடிதத்தில் எழுதியதும் மதிப்பெண் தாளில் எழுதிய அந்த ஒரு வரியும் அவர்களிடமே இருந்தன. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் கீழ் வைத்து, மேசையை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

பதினைந்தாம் நாளும் போயிற்று. பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏன் எழுதவில்லை என்று மனைவி கேட்டாள், முதலாளி கேட்டார், அக்காகூட ஒரு நாள் தொலைபேசியில் கேட்டார். அவர் யாரிடமும் சொல்லவில்லை.