இரண்டு கட்டம், ஒரு ஸ்பிரிங்

ஜீடிமெட்லாவில் நான் வேலை பார்த்த கம்பெனி, மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் மெஷின்களைச் செய்து மருந்து கம்பெனிகளுக்கு விற்றுவந்தது. மெஷினோடு போகும் கையேட்டை டைப் அடிப்பது என் வேலை. எண்ணெய் விடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள் என்று ஆங்கிலத்தில் அடித்து அடித்து எனக்கே அலுத்துப் போயிருந்தது. ஹைதராபாத் முழுக்க கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மத்திய அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த என் கணவர், அமீர்பேட்டைக்குப் போய் ஜாவா படி என்று சாப்பாட்டுக்கு நடுவே தினமும் ஓதுவார். மல்காஜ்கிரியில் எங்கள் அபார்ட்மெண்டில் பாதிப் பேர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் போகிற வழி என்றாலே எனக்கு ஒரு முரண்டு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியில் மெஷினை இயக்கும் காற்றுக் குழாய்களின் டிராயிங் போடுகிறவர் சாஃப்ட்வேர் வேலை கிடைத்துக் கிளம்பினார். அவருடைய சீட்டு எனக்கு வேண்டும் என்று மேனேஜரிடம் போய்க் கேட்டேன். மேனேஜர் தெலுங்குக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் கேலி அதிகம். ஒரு டிராயிங்கை விரித்து, இது என்ன என்று விரலை வைத்தார். ஒட்டி ஒட்டி இரண்டு சதுரக் கட்டம், உள்ளே அம்புக்குறிகள். இரண்டு வால்வு இருக்கிறது, காற்று முதலில் இதற்குள் போய் அப்புறம் அதற்குள் போகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ டிராயிங்கின் மேல் சிந்தியது. எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

சிரித்து முடித்து ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த மெஷினைப் பார்வையிட வாடிக்கையாளர் வரும்போது காற்றுப் பகுதியை நானே விளக்க வேண்டும். சரியாகச் செய்தால் சீட்டு எனக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஆளைப் போடுவார், நான் அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

டிராயிங்கின் நகலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சில குறிகள் சீக்கிரம் பிடிபட்டன. சாய்த்து வைத்த சதுரத்துக்குள் புள்ளிக்கோடு இருந்தால் காற்றை வடிகட்டும் ஃபில்டர். ஒரு கோடு குறுக்குக் கட்டையில் முட்டி நின்றால் வழி அடைப்பு. சின்ன முக்கோணம் என்றால் வேலை முடிந்த காற்று வெளியே போகும் இடம். ஆனால் அந்த இரட்டைக் கட்டம் மட்டும் வசப்படவே இல்லை. ஒரே வால்வுக்கு எதற்கு இரண்டு கட்டம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில், டீவி மேல் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து அதன் பின்பக்கத்தில் அந்த இரண்டு கட்டங்களையும் வரைந்து வெட்டினேன். வேறு ஒரு தாளில் குழாய்களை மட்டும் கோடு போட்டேன். பத்திரிகைத் துண்டைக் கோடுகளின் மேல் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். சட்டென்று பிடிபட்டது. குழாய்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, கட்டங்கள்தான் நகர்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்துக்குத்தான் உயிர். ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் கோடு, ஸ்பிரிங். மறு ஓரத்தில் சாய்கோடு போட்ட சின்னப் பெட்டி, கரண்டில் இயங்கும் காயில். கரண்ட் இருந்தால் காயில் தள்ளும், மாத்திரை அட்டையில் ஃபாயிலை ஒட்டும் சூடான சீல் தட்டைக் காற்று கீழே அழுத்தும். கரண்ட் போனால் ஸ்பிரிங் தள்ளும், தட்டு தானாக மேலே போகும். நான் சமையலறையில் நின்றுகொண்டு உரக்கச் சிரித்தேன்.

"அந்தக் கல்யாணம் வர்ற வாரம்தானே? மண்டபம் எங்கன்னு இனிமே யாரைப் போய்க் கேக்கிறது?" என்றார் கணவர்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போதும் மனதுக்குள் கட்டங்களை நகர்த்திக்கொண்டே போவேன். பார்வையிடும் நாள் வந்தபோது எனக்கு டிராயிங்கே தேவைப்படவில்லை. மருந்து கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். கம்ப்ரஸரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கேலி இல்லை. கடைசியில் அந்த இன்ஜினியர், தட்டு கீழே அழுத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். மின்வெட்டு இல்லாத நாளே இல்லாத கோடைகாலம் அது. தட்டு தானாக மேலே போய்விடும், ஸ்பிரிங் இருக்கிறது என்றேன்.

காட்டுங்கள் என்றார். மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

தட்டு அசையவில்லை. சூடான தட்டின் அடியில் ஃபாயில் கருகும் வாசனை வந்தது. அவர் எதையோ எழுதிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்.

நான் குனிந்து வால்வைப் பார்த்தேன். அதன் பக்கவாட்டில் அதற்குரிய குறி அச்சிட்டிருந்தது. இரண்டு கட்டம், இரண்டு ஓரத்திலும் காயில். ஸ்பிரிங்கே இல்லை. இந்த வகை வால்வு, கரண்ட் போனால் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். அதைப் பொருத்திய ஃபிட்டரைக் கேட்டேன். ஆர்டர் செய்த வால்வு வரவில்லையாம். ஸ்டோரில் இருந்த இது அதே துளைகளில் உட்கார்ந்தது. முதல் காயிலுக்குக் கரண்ட் நின்றதும் இரண்டாவதுக்குப் போகிற மாதிரி ஒயரிங் மாற்றிவிட்டாராம். கரண்ட் இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது. கெட்டிக்காரத்தனமான வேலைதான்.

"கைக்கு டென்ஷன் மேடம்? மெஷின் சல்ரா நா" என்றார் ஹைதராபாத் உருதுவில், மெஷின் ஓடுகிறதே, அப்புறம் என்ன என்கிற மாதிரி.

கடைசியில் மெஷின் எப்படி நிற்கிறதோ அப்படி டிராயிங்கைத் திருத்திவிடுவது எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். பல நேரம் அது சரியான வழக்கமும்கூட. மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். மாதக் கடைசி, மெஷின் கிளம்பியாக வேண்டும். ஸ்பிரிங்கை அழித்துவிட்டு இன்னொரு காயில் வரைந்து கொடுங்கள், இன்ஜினியர் வந்ததும் குறியைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், சீட்டு உங்களுக்குத்தான் என்றார். பர்வாலேது மேடம், புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

டிராயிங் சீட்டு வேண்டுமென்றால் எனக்கு டிராயிங் படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று கண்ணில் நின்றது. இந்த மெஷின்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கரண்ட் போனால் தட்டு மேலே போய்விடும் என்பது அவர்களுக்குப் பழக்கம். ஜெனரேட்டர் வருவதற்குள் கையை விட்டு ஃபாயிலை இழுத்துவிடுவார்கள். இதில் தட்டு கீழேயே நிற்கும், நெம்பிப் பார்ப்பார்கள். அந்த நேரம் கரண்ட் வந்தால் இரண்டாவது காயில் தள்ளி, தட்டு விருட்டென்று மேலே ஏறும். மேலே இரும்புச் சட்டம். நடுவில் விரல்கள். மேனேஜருக்கும் இது தெரியும். ஜெனரேட்டர் உடனே வந்துவிடும் என்று மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில் பதில் சொன்னேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஸ்பிரிங்கை நான் அழிக்க மாட்டேன் சார். அவர் கேட்டா, நான் சரியாத்தான் படிச்சேன்னு சொல்லுவேன்."

அப்படியானால் சீட்டை மறந்துவிடுங்கள் என்றார். மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. ஆனாலும் அந்த இன்ஜினியர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தபோது, டிராயிங் சரி, வால்வுதான் வேறு, மாற்றிய பிறகு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் மறுக்கவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று இன்ஜினியர் போய்விட்டார். அந்த மாதம் மெஷின் போகவில்லை.

சரியான வால்வு வரும்வரை மேனேஜர் என்னோடு பேசவில்லை. ஃபிட்டர் மட்டும் வழக்கம்போல வணக்கம் வைத்தார். வால்வு வந்து பொருத்தியதும், மேனேஜர் என்னை அழைத்து மெயின் சுவிட்சைக் காட்டினார். நான்தான் அணைத்தேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. தட்டு மேலே போய் நின்றது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "நாளைக்கு இன்னொரு வால்வு இப்படி வந்து, நான் மறுபடி அழிக்கச் சொன்னா?"

"அப்பவும் மாட்டேன் சார்."

"சரி. திங்கட்கிழமையிலிருந்து டிராயிங் சீட்டுல உக்காருங்க. நான் மறுபடியும் சொல்லுவேன் மேடம். மாதக் கடைசின்னா என்னால சொல்லாம இருக்க முடியாது."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், செகந்திராபாத் தாண்டிய பிறகு கையிலிருந்த டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் வராத பயம் அப்போதுதான் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு அழுதேன்.