கைநாட்டு கேட்காத கூட்டம்

நாற்பது நாற்காலி போட்டோம். வந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. மைக் செட்காரர் மட்டும் ‘ஹலோ... ஹலோ...’ என்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் முன்பு, தவளக்குப்பம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் எங்கள் சுகாதார அலுவலகம் பெண்களுக்காக நடத்திய கூட்டம் அது. வாசலில் பெரிய துணி பேனர் — ‘மனநோய் விளக்கக் கூட்டம்’. அதன் கீழே மேசை. மேசையில் ரிஜிஸ்டர், மை டப்பா. பெயரும் கணவர் பெயரும் சொல்லி, கைநாட்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேனர் வாசகம் யாருடையது? வேறு யார்... டிகிரி படித்த என்னுடையதுதான்.

“ஜனங்களுக்கு அக்கறை இல்லம்மா” என்றார் என் மேலதிகாரி.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மில் தொழிலாளியான என் அப்பா, அரசாங்கக் காகிதத்தில் கட்டைவிரலை அழுத்தும் முன் என்னைப் பார்த்துக் கேட்பார்: “எதுக்கும்மா வாங்குறாங்க? வில்லங்கம் ஒண்ணும் இல்லியே?” அவர் மகளே அதை மறந்தால் எப்படி? ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்படி ஒரு பேனருக்குக் கீழே யார் விரலை வைப்பார்கள்?

“சார், அடுத்த தடவை பேனரும் வேணாம், ரிஜிஸ்டரும் வேணாம். படகு வர்றதுக்காகப் பொம்பளைங்க கரையில காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் அங்க போறேன்.”

“ரிஜிஸ்டர் இல்லாம, கூட்டம் நடந்துச்சுன்னு எப்படிம்மா நம்புறது?”

“நடக்காத கூட்டத்துக்குத்தான் ரிஜிஸ்டர் இருக்கே சார்!”

போனேன். மணலில் உட்கார்ந்தேன். காலிக் கூடைகளோடு பத்துப் பன்னிரண்டு பேர்.

“இன்னா நர்சம்மா, எங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கான்னு பாக்க வந்தியா?” என்றாள் ஒருத்தி.

“ஏலத்துல எங்க நாத்தனாரு போடுற கூச்சலப் பாத்தா சந்தேகந்தான்!” என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு.

மனநோய் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா என்று கேட்டேன். பிள்ளை பெற்ற சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும், பிள்ளையைத் தூக்கவே தோன்றாது. அது திமிரும் இல்லை, பேயும் இல்லை, வைத்தியம் இருக்கிறது என்றேன்.

படகுகள் வந்ததும் எல்லோரும் ஓடினார்கள். ஓர் அம்மா மட்டும் கூடையோடு அப்படியே நின்றார்.

“எம் மருமவளுக்குக் கொழந்த பொறந்து நாப்பது நாளாச்சு. செவுத்தையே பாத்துக்கினு குந்தியிருக்கா. கொழந்தையத் தொட மாட்டேங்குறா. வெள்ளிக்கெழம அவ அம்மா வூட்டுல கொண்டுபோயி வுட்டுடலாம்னு எம் மவன் சொல்றான். கொழந்தைய எங்ககிட்டயே வெச்சிக்கலாமாம்... நெசமாவே வைத்தியம் இருக்குதா?”

“இருக்குங்க. அனுப்பிடாதீங்க.”

“டாக்டருகிட்ட இட்டுனு போனா ஊரே பைத்தியக்காரின்னுடுமே!”

“புதன்கிழமை தடுப்பூசி போடுற நாள். கொழந்தையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க. டாக்டர பக்கத்து ரூம்ல உக்கார வெக்கிறது என் பொறுப்பு.”

வந்தார்கள். ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஊசி போட வருவதில் பேச என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மருமகளை அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. போன வாரம் மாத்திரை வாங்க வந்தபோது குழந்தை அவள் தோளில் இருந்தது. “ஒரு நிமிசம் கீழ வெக்க வுட மாட்டேங்குது, கையெல்லாம் வலிக்குது” என்று குறைப்பட்டுக்கொண்டாள். அந்த மாமியாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று இனி யாராவது சொன்னால், நாற்காலியை எங்கே போட்டீர்கள் என்று கேட்பேன்.

விஷயம் தெரிந்து மேலதிகாரிக்கும் சந்தோஷம்தான்.

“பிரமாதம்மா! அந்தப் பொண்ணு பேரு, விலாசம், ஒரு போட்டோ குடு. ரிப்போர்ட்ல போட்டுடலாம்.”

“தர மாட்டேன் சார்.”

“மெமோ குடுக்க வேண்டி வரும்.”

“குடுங்க சார். அதுல என் பேரப் போட்டுக்குங்க.”