பெரியவனின் எட்டு எழுத்துகள்

மேசையைச் சுற்றி நான்கு கதிரைகள் இருந்தன. மகள் ஒன்றில், சின்னவன் ஒன்றில், பழைய கிரேக்கம் படிப்பிக்கப் போன நான் ஒன்றில். அவர்களுடைய தாய் குசினியில் நின்றார். வராதவர்கள் இரண்டு பேர்: கட்டாரில் வேலை செய்யும் தகப்பன், அடுத்தது பெரியவன். நான்காவது கதிரையின் முதுகில் ஒரு துவாய் மடித்துப் போடப்பட்டிருந்தது. வெயிலில் காய்ந்த மணம் மாறாத துவாய். ஒவ்வொரு நாளும் வேறு துவாய் என்பதை நான் கவனிக்கச் சில வாரங்கள் எடுத்தன.

பாலையூற்றில் எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவன் நான். அப்பா இன்றைக்கும் பெருவிரல்தான் வைக்கிறார். பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் இருந்தபோது கிரேக்கம் கற்றேன். குருவாகாமலே திரும்பி வந்தேன். “அந்தப் பாசையில மீன் விலை கேக்கலாமோ?” என்று அம்மா ஒரு தரம் கேட்டார். பகிடிதான். ஆனாலும் எனக்குச் சுட்டது. அதனால், உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டேன்.

அந்த வீட்டுத் தாயை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். அவர் என்னை, குருமடத்தை விட்டு வந்தவன் என்று தெரிந்தும், பிரதர் என்றே கூப்பிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. கணக்கு, விஞ்ஞானம் எல்லாவற்றையும் அன்ரியே வீட்டில் படிப்பித்தார். கிரேக்கம் மட்டும் அவருக்கு ஏலாது.

முதல் நாள் அரிச்சுவடி. அவர்களுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. ஆளுக்கு ஓர் எழுத்தாகச் சொன்னார்கள். “அல்பா” என்றாள் மகள். “பேற்றா” என்றான் சின்னவன். பிறகு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். யன்னலுக்கு வெளியே தண்ணீர் மதிலில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மகள் “டெல்ரா” என்றாள்.

ஓர் எழுத்தை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். “இடையில கம்மா இருக்கு. மறக்கக்கூடாது” என்றேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் அன்ரி வந்து நின்றார்.

“அது பெரியவன்ட எழுத்து, பிரதர். அவன் வந்து சொல்லுவான். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ.”

கதையைப் பிறகு, படலை வரை வந்து விட்டபோது மகள்தான் சொன்னாள். குருவாகப் போகவேண்டும் என்று பெரியவனுக்கு ஆசை. கோயிலில் ஒரு வயதான பாதரிடம் கிரேக்க எழுத்துகளைக் கற்று, அதே மேசையில் தம்பி தங்கைக்கும் சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கு ஓர் எழுத்து என்ற முறை அவன் வைத்தது. ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் துறைமுகத்தில் குளிக்க இறங்கினான். சட்டையும் புத்தகப் பையும் கரையில் கிடந்தன. சுழியோடிகள் தேடினார்கள். எங்கள் துறைமுகத்தின் ஆழம் ஊருக்கே தெரியும். அவனைக் கண்டெடுக்கவில்லை.

“மூண்டு பேரும் ஒண்டாத்தான் பள்ளிக்குப் போறது, அண்ணா வரட்டும் எண்டு அம்மா சொல்லுறா” என்றாள் மகள். “எனக்கு வாற வருசம் ஓ.எல். சோதினை, சேர். இந்த வருசமாவது பள்ளிக்குப் போகவேணும்.”

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு பிந்தி வந்தது என்று தெரிந்த எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் அன்ரியின் முன்னால் அதைக் கதைக்க யாருக்கும் வாய் வராது.

பாடம் நடந்தது. கிரேக்கத்தில் இருபத்துநான்கு எழுத்துகள். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு. கடைசி எழுத்தான ஓமேகாவும் பெரியவனுடைய பங்கு. அதனால் அரிச்சுவடி எப்போதும் ஒரு மௌனத்தில்தான் முடியும். குசினியிலிருந்து அன்ரி “சரி” என்று சொல்லும் வரைக்கும் நாங்கள் பக்கத்தைப் புரட்டுவதில்லை. அவர் அங்கே எதைக் கேட்டுவிட்டுச் சரி என்கிறார் என்று யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது. போகப் போக நானும் பழகிவிட்டேன். வீட்டில் தனியாகப் பாடம் ஆயத்தம் செய்யும்போதுகூட என் நாக்கு அந்த இடங்களில் நின்றது.

சிரிப்பும் இருந்தது. ஊர்த் தெருக்களில் திரிந்துவிட்டுப் படலைக்கு வெளியே வந்து நிற்கும் மான்களை எண்ணுவதுதான் சின்னவனுக்கு வேலை. “சேர், கிரேக்கரும் எங்களை மாதிரி ரியூசனுக்குப் போனவையோ?” என்பான். “அவர் முதல் எழுத்தை ஒழுங்கா எழுதட்டும் சேர், பிறகு கிரேக்கரை விசாரிக்கலாம்” என்பாள் மகள்.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம். யன்னல் பக்கம் நின்று துறைமுகத்தைப் பார்த்தபடி எழுத்துகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்று. மகள் “கீ” என்றாள். சின்னவன் மெல்ல “ப்ஸீ” என்றான். வழக்கமான மௌனம் வந்தது. அந்த மௌனத்துக்குள், எனக்குப் பின்னால், வளர்ந்த ஒரு பொடியனின் தடித்த குரல் “ஓமேகா” என்றது.

நான் திரும்பவில்லை. திரும்ப ஏலாமல் இருந்தது. குசினியில் ஏதோ விழுந்து உருண்டது. அன்ரி மாக் கையோடு ஓடி வந்தார்.

“நான்தான் அம்மா” என்றான் சின்னவன். அவனுக்கு அந்தக் கிழமைதான் குரல் உடைந்திருந்தது. வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

அன்ரி கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

“அதே குரல். திருப்பிச் சொல்லு.”

சொன்னான்.

“இஞ்ச வந்து இருந்து சொல்லு, ராசா” என்று நான்காவது கதிரையை இழுத்தார். துவாயை எடுத்து அவன் தோளில் போட்டு, நனையாத தலையைத் துவட்டத் தொடங்கினார். “எட்டையும் சொல்லு. கம்மாவில இருந்து தொடங்கு.” சின்னவன் அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினான். தாய் கேட்டதைக் கொடுக்கத்தான் அவன் பார்த்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் அன்ரி தலையாட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்த வீட்டில் சின்னவன் என்று ஒருவன் இருக்கமாட்டான் என்று எனக்குப் பட்டது. அப்போதும் நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மகள் எழும்பித் துவாயைப் பறித்தாள்.

“அம்மா, அவன் சின்னவன். அண்ணா செத்துப்போனார்.”

அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்ரி சின்னவனின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவன் கன்னமெல்லாம் மா. “தலை நனையேல்லைத்தானே” என்று மிக மெல்லச் சொன்னார். பிறகு குசினிக்குப் போய் அடுப்பை நிப்பாட்டினார்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவனும்தான். சனிக்கிழமைகளில் கிரேக்கம் தொடர்கிறது. எழுத்துகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஓமேகா சின்னவனுக்கு வருகிறது. அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் குசினிப் பக்கம் பார்க்கிறான்.

அவர்களைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முதல்நாள் அன்ரி என்னைக் கோயில் கந்தோருக்குத் துணைக்கு வரச் சொன்னார். பெரியவன் போன நாள் தொடக்கம் மாதாமாதம் அங்கே பூசைக்குக் காணிக்கை கட்டி வந்தவர் அவர். எப்போதும் ‘மகன் சுகமாகத் திரும்பி வர’ என்றுதான் எழுதுவிப்பாராம். கந்தோரில் இருந்த பெண் வழக்கம்போல அதையே எழுதத் தொடங்கினார். அன்ரி அவருடைய கையை மெல்லப் பிடித்தார்.

“அப்பிடி இல்லை, பிள்ளை. ஆத்தும இளைப்பாற்றிக்கு எண்டு போடுங்கோ.”

பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தார், பழைய வரியை வெட்டிவிட்டு, இறந்தவர்களுக்கு எழுதும் அந்த வரியைப் போட்டார்.

“அதுக்கு எவ்வளவு?”

“அதே காசுதான் அன்ரி. ஆயிரம் ரூபா.”