மொட்டை போட்டால் முடி வளருமா?

நான்கு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசக் கூட்டம் வடிந்து பழனி அடிவாரம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம். அங்கே எங்களுக்கு ஒரு சின்ன சைவ மெஸ் உண்டு. கல்லாவில் கணவர், பரிமாற ஒரு ஆள், அடுப்படியில் நானும் மாமியாரும். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சீப்பில் நாலு முடி வருமே, அந்தக் கதை இல்லை. தலையணை, துண்டு, குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டை என்று திரும்பிய இடமெல்லாம் முடி. வகிடு எடுத்தால் தலைத்தோல் பளிச்சென்று தெரியும்.

வீட்டில் ஒரு பெண்ணுக்கு முடி கொட்டினால் ஊரில் எல்லாரும் டாக்டராகிவிடுகிறார்கள். பூண்டியில் இருக்கும் என் அம்மா, தோட்டத்துப் பூண்டை அரைத்துத் தேய்க்கச் சொன்னார். பக்கத்துக் கடை பாய் கருஞ்சீரக எண்ணெய் கொடுத்தார். பூ விற்கும் அக்கா ஷாம்புவைக் குறை சொன்னார். கணவருக்கோ என் செல்போன்தான் எதிரி. விடியுமுன் எழுந்து இட்லிக் கொப்பரையோடு மல்லுக்கட்டுகிறவள் எப்போது செல்போன் பார்ப்பாள் என்று அவர் யோசித்ததே இல்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல்ல ஆளாளுக்கு வந்தார்கள். உடம்புக்கு என்ன என்று கேட்க ஒருத்தரும் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம், வேனில் வந்த குடும்பத்தில் ஒருவர் சாம்பாரிலிருந்து நீளமாக ஒரு முடியை எடுத்து, கடை முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். இலையை அப்படியே மடித்துவிட்டு எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கணவர் அடுப்படிக்கு வந்து, "ஏ இவளே, உன் முடியால கடையைச் சாத்தணும் போலருக்கு" என்றார். அன்றிலிருந்து தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுப்பு வெக்கையில் வெந்துகொண்டு சமைத்தேன்.

அன்று சாயங்காலமே மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஏதோ வேண்டுதல் கெடக்கு. உங்கம்மா உனக்காக வேண்டிட்டு மறந்திருக்கும். அதான் முருகன் தானா எடுத்துக்கிறான். ஒரு மொட்டையைப் போட்டு விட்டோம்னா கருகருன்னு வந்துரும்." அம்மாவிடம் போனில் கேட்டேன். அப்படி எதுவும் வேண்டவில்லை என்றார். சொன்னால் யார் கேட்டார்கள்? உலகத்து ஜனமெல்லாம் மொட்டை போட வருகிற ஊரில் இருந்துகொண்டு மாட்டேன் என்று சொன்னால் நான் சாமிக்கே எதிரி ஆகிவிடுவேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. மொட்டைக்கு ஒரு நாள் குறிப்பார்கள். அதற்குள் எனக்கு மாதவிலக்கு வந்துவிடும். தீட்டோடு மலை ஏறக் கூடாது என்று தள்ளி வைப்பார்கள். பத்து நாளுக்கு மேல் கட்டி கட்டியாகப் போகும். ஒருவழியாக நின்று தலைக்குக் குளித்தால், அடுத்த நாள் குறிப்பதற்குள் மறுபடியும் வந்துவிடும். இப்படியே மாதங்கள் போயின. மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டார். "முருகன் இவளை மலையேற விட மாட்டேங்கிறான் பாருங்க, அம்புட்டுக் கோவம்."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீட்டெல்லாம் சாமி அறைக்கும் மலைக்கும் மட்டும்தான். கடை அடுப்படிக்கு இல்லை. அங்கே தீட்டுப் பார்த்தால் யார் சமைப்பது? விளக்கேற்ற லாயக்கில்லாதவள் கொப்பரை தூக்க லாயக்கானவள். கொப்பரையை இறக்கி வைக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கண் இருட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை மாமியாரிடம் சொன்னேன். "முப்பத்தஞ்சு தாண்டினா எல்லாத்துக்கும் அப்படித்தான். எனக்கு இல்லாததா?" என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

கடைசியில் ஒருநாள் வெள்ளனே, தலைக்குக் குளித்த ஈரம் காய்வதற்குள், "இன்னைக்கு விட்டா மறுபடியும் வந்துரும், வெரசா கிளம்பு" என்று மாமியார் கூட்டிப்போனார். முடிக் காணிக்கை செலுத்தும் இடத்தில் உட்கார்ந்தேன். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்ததுமே அவர் கையோடு பாதி முடி வந்துவிட்டது. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிச்சத்தை எடுக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டபோது எனக்கு அழுகை வந்தது. பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து மாமியார் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

படியேற ஆரம்பித்தோம். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. "அத்தை, செத்த உக்காந்துக்கிறேன்" என்றேன். "வேண்டுதலுக்கு ஏறும்போது உக்காரக் கூடாதுத்தா, முருகான்னு சொல்லிட்டு ஏறு" என்றார். முருகா என்று சொல்லித்தான் அடுத்த காலை எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணின் கையும் சுற்றி நின்ற கால்களும்தான். காவடி தூக்கி வந்தவர்கள் காவடியை ஓரமாக வைத்துவிட்டு என்னைத் தூக்கிக் கீழே இறக்கினார்களாம்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்ன வயது. என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். மொட்டையைப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். முடி கொட்டியதற்கு என்றேன். "பீரியட்ஸ் எத்தனை நாள் போகுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அதை ஏன் கேக்குறீங்க. அந்தச் சோலியாலதான் இந்த மொட்டையே இத்தனை மாசமாத் தள்ளிப் போச்சு. நின்னா மறுபடியும் வந்துரும், நின்னா மறுபடியும் வந்துரும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப இவங்களுக்கு இவ்வளவு ரத்தம் போறது வீட்டுல எல்லாருக்கும் தெரியும்?"

"தெரியாமயா? நான்தான் நாள் பாத்துட்டு இருப்பேன்" என்றார் மாமியார், பெருமையாக.

ரத்தப் பரிசோதனை வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு ஆறைக்கூடத் தொடவில்லை. கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அதனால்தான் அத்தனை ரத்தப்போக்கு. டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். உடம்பில் ரத்தமும் இரும்புச்சத்தும் குறைந்தால், இருப்பதை இதயத்துக்கும் மூளைக்கும்தான் உடம்பு முதலில் கொடுக்குமாம். முடி இல்லாமல் உயிர் வாழலாம் என்பதால் அதற்குக் கடைசி இடமாம். "பொம்பளைங்களுக்கு முடி கொட்ட எத்தனையோ காரணம் இருக்கும்மா. தைராய்டு இருக்கும், பிரசவத்துக்கு அப்புறம் கொட்டும், பெரிய காய்ச்சல் வந்து போனாக் கொட்டும், சாப்பாடு பத்தலைன்னாலும் கொட்டும். தலையில எதைத் தேய்க்கலாம்னு பாக்கறதுக்கு முன்னாடி உடம்புக்குள்ள என்னன்னு பாக்கணும்" என்றார். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வராதா என்று மாமியார் அப்போதும் கேட்டார். வேரில் இருப்பதுதான் வெளியே வரும், மழிப்பதால் ஒரு முடிகூட அதிகமாக வராது என்றார் டாக்டர்.

பிறகு, சேதி கேட்டுக் கடையிலிருந்து ஓடி வந்திருந்த என் கணவர் பக்கம் திரும்பி, "மெஸ் நடத்துறீங்கல்ல? ஊருக்கே சோறு போடுறீங்க. இவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு பாத்திருக்கீங்களா?" என்றார். அவர் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். என்ன சாப்பிட்டேன்? கீரையும் பொரியலும் பந்தி முடிவதற்குள் தீர்ந்துவிடும். மூன்று மணிக்கு மேல் அடிச்சோற்றில் ரசத்தை ஊற்றிக் குடிப்பேன். பசி அடங்க டீ. அந்தக் கேள்வியை அவரிடம் ஒருத்தர் கேட்டதற்கே எனக்கு அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ரத்தம் ஏற்றினார்கள். கட்டிக்கு வைத்தியம், மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயமே தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் திரும்பச் சொல்வதில்லை. முருகன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. இன்றும் மலைக்குப் போகிறேன். அவர் என்னிடம் முடியும் கேட்கவில்லை, நான் மயங்கி விழ வேண்டும் என்றும் கேட்கவில்லை. என் கோபம் மனிதர்கள் மேல்தான். மாதாமாதம் என் ரத்தத்தை நாள் கணக்குப் பார்த்தவர்கள், அது நோயாக இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையே.

வருடம் திரும்புவதற்குள் முடி நன்றாக வளர்ந்துவிட்டது. பெருமை யாருக்குப் போயிற்று என்கிறீர்கள்? மொட்டைக்கு. போன மாதம் ஆயக்குடிப் பக்கமிருந்து ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் மகளும் சாப்பிட வந்தார்கள். மகளுக்கு முன்நெற்றியில் முடியே இல்லை. மொட்டை போடத்தான் வந்திருந்தார்கள். மாமியார் என்னைக் கைகாட்டி, "எம் மருமகளைப் பாருங்க, மொட்டை போட்டதும் எப்படி வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "ஏம்மா, மாசா மாசம் உனக்கு எத்தனை நாள் போகுது? மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"சாப்பிடுற எடத்துல என்ன பேச்சு இது?" என்று தாய் முகத்தைச் சுளித்தார். கணவர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை. அந்தப் பெண் அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எனக்கு வர்றதே இல்லக்கா. நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தரம்தான்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. தாய்க்கு அது தெரிந்திருந்தது. முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. "மலை எங்கயும் போயிராதுங்க. மொதல்ல இவளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அந்த டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வழியும் சொன்னேன். போனார்களா என்று எனக்குத் தெரியாது.

மாமியார் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். என் முடியை யாராவது மெச்சினால் இன்றும் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் இல்லாவிட்டால் நானும் மற்றவர்களைப் போல அந்தப் பெண்ணிடம் ஏதோ ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்பேன் என்பதால், அதை அப்படியே வைத்திருக்கிறேன்.