கொல்லன் வீட்டு நட்சத்திரம் டிவியில் வந்த கதை

எங்கள் ஊரிலும் பீருக்கு விளம்பரம் உண்டு. ஒரு கம்பு, அதன் நுனியில் மரத்தில் செய்த ஆறுமுனை நட்சத்திரம். பீர் தயாரானால் வீட்டுக்காரர் அதை வாசலுக்கு மேலே மாட்டுவார். பீப்பாய் காலியானால் கழற்றி உள்ளே வைப்பார். இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க் குடிகாரன் எவனுக்கும் படிப்பு தேவைப்பட்டதில்லை.

பீர் காய்ச்சும் உரிமை இங்கே ஆட்களுக்கு இல்லை, வீடுகளுக்கு. அப்படி உரிமையுள்ள வீடுகள் ஏழெட்டு இருக்கின்றன. ஆற்றோரம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காய்ச்சுக்கூடம். விறகு அடுப்பு, செப்புக் கொப்பரை. முறை வைத்துக் காய்ச்சி, சாற்றை டிராக்டரில் வீட்டுக்குக் கொண்டுபோய், ஈஸ்ட் போட்டு, நிலவறையில் வாரக்கணக்கில் கிடத்தி, பிறகு முன்னறையில் நாலு பெஞ்சைப் போட்டு ஊற்றுவார்கள். நான் இந்த ஊர்க் கசாப்புக்கடைக்காரன். எல்லா வீட்டுக்கும் ஈரல் சாசேஜ் என் கடையிலிருந்துதான் போகிறது. அதனால் எந்த வீட்டின் மேலும் எனக்குத் தனிப் பாசம் கிடையாது. யாருடைய கூத்தையும் நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம்.

கொல்லன் வீட்டு ஓட்மாரின் கூத்து நான் பார்த்ததில் பெரியது. வீட்டுக்குத்தான் கொல்லன் பெயர். ஓட்மாருக்கு ஒரு ஆணி நேராக அடிக்க வராது. மாவட்டச் சாலைத்துறையில் வேலை. குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான், கோடையில் அந்த லாரியே கிளப்பிய குழிகளை அடைப்பான். பீர் நன்றாகவே காய்ச்சுவான், கொஞ்சம் கசப்பு தூக்கல். ஆனால் அவன் வீட்டில் நட்சத்திரம் தொங்கினால் ஒரு பெஞ்சு நிறைவதே கஷ்டம். சந்துக்கு எதிரே விதவை வால்புர்கா வீட்டில் தொங்கினால் மாடிப்படியில் கூட உட்கார்ந்து குடிப்பார்கள். தன் முன்னறை ஒருநாளாவது அப்படி நிறைய வேண்டும், அதுவும் நம்ம ஊர்க்காரர்களால் நிறைய வேண்டும் என்பதுதான் ஓட்மாரின் வாழ்நாள் ஏக்கம்.

"அவங்க பீருல அப்படி என்னதான்டா இருக்கு?" என்று என்னிடம் புலம்புவான்.

"பீருல ஒண்ணுமில்ல. அந்தம்மா ஊத்திட்டுப் பேசாமப் போயிடும். நீ ஒரு குவளை ஊத்துறதுக்குள்ள, கசப்புக்குப் போடுற அந்த ஹாப்ஸ் பூவப் பத்தி ஒரு பிரசங்கம் பண்ற. குடிக்க வந்தவன் என்னடா பாவம் பண்ணான்?"

இந்த நேரத்தில்தான் வட்டார டிவியில் விளம்பரம் பிடிக்கும் பிளெஸிங் என்ற இளைஞன் வந்து சேர்ந்தான். கூர்மூக்குச் செருப்பு, தலையில் எண்ணெய்ப் பளபளப்பு. ஒரு குவளையைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"சார், உங்க பீர் பெரிய ரகசியமா இருக்கு சார்."

"ரகசியமெல்லாம் இல்லை தம்பி, யாரும் கேக்கலை. அவ்வளவுதான்," என்றாள் ஓட்மாரின் மனைவி கெர்லிண்ட.

ஆனால் ஓட்மார் ஏற்கெனவே உச்சி குளிர்ந்துபோயிருந்தான். அன்று சாயங்காலமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை கொல்லன் வீட்டில் நட்சத்திரம் ஏறும் என்று ஒரு வாரம் முழுக்க டிவியில் சொல்வார்களாம். பீர் தயாரான நாளில் நட்சத்திரம் ஏறும் ஊரில், நட்சத்திரம் ஏறும் நாளுக்குப் பீர் தயாராக வேண்டும் என்று எழுதிக் கொடுத்த முதல் மகான் இவன்தான்.

வால்புர்கா சந்தில் அவனை நிறுத்திக் கேட்டாள்.

"ஏண்டா, உன்கிட்ட இருக்கறது ஒரே ஒரு நிலவறை. டிவி பாத்துட்டு யாரும் வரலைன்னா காசு தண்டம். எல்லாரும் வந்துட்டா எதை ஊத்துவ?"

"பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் முட்டாளாக்கா? ராத்திரி பகலா விளம்பரம் போடுறானே?"

"அவன் பீர குடிச்சா அடுத்த நிமிஷம் ஞாபகம் இருக்காது. அதான் பாவம், தெனமும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு. உனக்கென்ன வந்துச்சு?"

ஓட்மார் சிரித்து மழுப்பிவிட்டுப் போனான்.

படம் பிடிக்கும் நாள் வந்தது. அன்று காய்ச்சுக்கூடத்தில் ஓட்மாரின் முறை. முளைகட்டிய பார்லி மாவைக் கொப்பரையில் விட்டால் அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் கொப்பரையில்தான் இருக்க வேண்டும். பிளெஸிங்கோ, "சார், கேமராவப் பாருங்க. துடுப்ப மேல தூக்குங்க. அப்படியே நில்லுங்க. ஒரு சிரிப்பு. இன்னொரு தடவை சார், ஆவி மூஞ்ச மறைச்சிடுச்சு," என்று உயிரை வாங்கினான். ஓட்மார் துடுப்பைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே நின்றான். அடுப்பு அதன் பாட்டுக்கு எரிந்தது. கொப்பரை அடிப்பிடித்துத் தீய்ந்த நாற்றம் ஆற்றுக்கு அக்கரைக்கே போயிற்று. "ஆஹா, இந்தப் புகை ரொம்ப அழகா விழுந்திருக்கு சார்!" என்றான் பிளெஸிங்.

அந்தக் கருகலை ஓட்மார் என் பன்றிகளுக்குக் கொண்டுவந்து கொட்டினான். பன்றிகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டன. என் பன்றிகள் அதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இனி காய்ச்ச வேண்டுமென்றால் அவன் முறை மறுபடி வர வேண்டும். அடுத்த முறை வால்புர்காவுடையது. ஓட்மார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நானும் கடையை விட்டு இறங்கி வந்தேன்.

"என் முறைய எடுத்துக்கோ," என்றாள். "ஆனா இந்தத் தடவை கொப்பரையப் பாத்து சிரி."

அந்தத் தடவை அவன் ஒழுங்காகவே காய்ச்சினான். ஆனால் நிலவறை குளிர்ச்சி, பீர் அவசரப்படவில்லை. விளம்பரம் ஓட ஆரம்பித்தபோது அது இன்னும் பாதி இனிப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது. தேதியைத் தள்ளிப்போடச் சொல் என்று கெர்லிண்ட மன்றாடினாள். ஓட்மார் போன் செய்தான். "நேரமெல்லாம் புக் ஆயிடுச்சு சார். நட்சத்திரம் ஏறட்டும், மத்ததெல்லாம் தானா நடக்கும்," என்றான் பிளெஸிங்.

விளம்பரத்தை ஊரே பார்த்தது. திரையில் ஓட்மார் துடுப்பும் கையுமாகச் சிரிக்கிறான், பின்னால் அந்தக் கருகல் புகை மேகம்போல் எழுகிறது, உருகிய குரலில் ஒருவன் சொல்கிறான்: "தலைமுறை தலைமுறையாக, பொறுமையால் காய்ச்சப்பட்டது." எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் கொல்லன் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியது. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. காய்ச்சுக்கூடத்துப் புகை என்றைக்கு எழுந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொல்லன் வீட்டு நிலவறையில் தயாரான பீர் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் நட்சத்திரம் தொங்கியது.

மதியத்துக்குள் நகரத்துக் கார்கள் சந்து முழுக்க அடைத்துக்கொண்டன. நட்சத்திரத்தின் கீழே நின்று படம் எடுத்தார்கள், துடுப்பை வாங்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் நாங்களும் போனோம். போகாமல் இருக்க முடியுமா? கொல்லைப்புறத்தில் உருளைக்கிழங்குச் சாக்குப் போர்த்திய பீப்பாய்களைப் பார்த்தேன். ஏதோ தொழிற்சாலைப் பீர். வீட்டு பீர் மாதிரிக் கலங்கலாகத் தெரிய, தன் பீரின் அடிவண்டலைக் கொஞ்சம் கலந்திருந்தான். ஒரு நகரத்து அம்மாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "விறகு வாசனை அப்படியே தெரியுதுங்க!" என்று சொக்கிப்போனாள். அது ஓட்மாரின் கோட்டிலிருந்து வந்த வாசனை.

எங்கள் ஊரில் ஒருவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு உன் பீர் சரியில்லை என்று வாயால் சொல்லும் பழக்கம் இல்லை. குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்துக் குவளைமேல் மூடிவிடுவோம். போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். அன்று ஒரு மடக்குக்குப் பிறகு ஒவ்வொரு குவளையாக மூடியது. நானும் மூடினேன். வால்புர்கா குடிக்கவே இல்லை, முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள். தன் முறையை விட்டுக்கொடுத்தவள் அவள்.

ஓட்மார் அதையெல்லாம் பார்த்தான். கையில் கூஜாவோடு அப்படியே நின்றான். அதற்குள் கோடி பெஞ்சிலிருந்து எவனோ, "அண்ணே, இங்க இன்னும் நாலு!" என்று கத்தினான். ஓட்மார் அந்தப் பக்கம் போய்விட்டான். அன்று அவன் முன்னறை மாடிப்படி வரை நிறைந்திருந்தது. கெர்லிண்ட அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. என் கடையில் சாசேஜ் ஒரு துண்டு மிச்சமில்லாமல் விற்றது. டிவி விளம்பரத்தால் லாபம் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு, கசாப்புக்காரனுக்கு.

சில வாரம் கழித்து உண்மையான பீர் தயாரானது. நட்சத்திரத்தை மாட்டிவிட்டு ஓட்மார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். ஊர்க்காரன் ஒருவனும் சந்துப் பக்கம் வரவில்லை. நகரத்திலிருந்து இரண்டு கார் வந்தது. போன தடவை சொக்கிப்போன அதே அம்மாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"ஏங்க, இது கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா, இதுதான் எங்க வீட்டு பீரு."

"எங்களுக்குத் தெரியாதா? போன தடவை குடிச்சோமே, அதுதான் அசல். டிவில காட்டுனது அதைத்தான். இது ஏதோ கசக்குது."

அவர்கள் பாதிக் குவளையை வைத்துவிட்டுப் போனார்கள். போன தடவை ஊற்றியது தொழிற்சாலைப் பீர் என்று ஓட்மார் எப்படிச் சொல்வான்? நான் சாசேஜ் கூடையை இறக்கிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது வால்புர்கா எதிர்வீட்டிலிருந்து வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குவளை வாங்கி, மெதுவாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"நல்லாருக்குடா," என்றாள். "என் வீட்டு பீர விட நல்லாருக்கு."

ஓட்மாரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இருபது வருஷமாக அவன் காத்திருந்த வார்த்தை அது. கூஜாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். வால்புர்கா அட்டையை எடுத்துக் குவளைமேல் வைத்தாள்.

"நல்லாருக்குன்னு சொன்னீங்களேக்கா..."

"நல்லாத்தான் இருக்கு. அதான் முழுசா குடிச்சேன்," என்றபடி எழுந்து போய்விட்டாள்.

ஓட்மார் கூஜாவை வைத்துவிட்டு, வெளியே போய் ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பைக் கழற்ற ஆரம்பித்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டேய், நிலவறை பூரா பீரு இருக்குடா. இருக்கும்போதே நட்சத்திரத்த எறக்குறியே?"

"இல்லாதப்ப மாட்டுனவன்தானே நான்," என்றான், திரும்பிப் பார்க்காமல்.