பென்னில் ஏற்றிய கேட்வே

கேட்வே பெட்டி ஓடும்வரை என்னை ஒருவருக்கும் ஞாபகம் இராது. ஒரு நாள் அது நிற்கட்டும், வன்னி முழுக்க என் நம்பரைத்தான் அடிக்கும். வெளியிலிருந்து வரும் இணையத்தை உள்ளே இருக்கிற கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதன் அமைப்புகளைப் பென் டிரைவில் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துவதுதான் என் வேலை. இதே வேலையில் வெயிலில் காய்கிற சகோதரங்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஸ்கந்தபுரத்துப் பாட்டு

ஒரு விவசாயிகள் சங்க அலுவலகத்தில் பெட்டிக்குப் பின்னால் பென்னைச் செருகி, கிழமைக்கொரு முறை தானாகவே பிரதி எடுக்கும்படி செய்துவிட்டு வந்தேன். கழற்ற வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த முறை போனால் பென்னைக் காணவில்லை. எதிர் வயலில் உழுதுகொண்டிருந்த ட்ரக்டரில் அது பாடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செயலாளர் ஆறுதலாகச் சொன்னார்:

"அந்தப் பெட்டியில மூண்டு மாசமாய்க் கிடந்தது தம்பி, ஒரு பாட்டும் கேக்கேல்லை."

நாயாற்றுச் சம்மாட்டி

நாயாற்றில் வள்ளங்களும், மீனைப் பெட்டி கட்டி அனுப்புகிற வாடியும் வைத்திருக்கிற சம்மாட்டியார் தானே கடைக்குப் போய் முப்பத்திரண்டு ஜிபி பென் வாங்கி வைத்திருந்தார். பிரதி எடுத்துக் கொடுத்தேன். கணினியில் போட்டுப் பார்த்தார். கடுகளவில் ஒரேயொரு ஃபைல். எல்லாம் வெறும் எழுத்துத்தான், அவ்வளவு இடம் போதும் என்று விளங்கப்படுத்தினேன். மனுசனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"மீன் பெட்டியை நான் இப்பிடி வெறுமையாய்க் கட்டி அனுப்புறேல்லை தம்பி, மிச்சத்தையும் நிரப்பித் தாங்கோ."

கனகராயன்குளத்தில் கடைசி நாள்

அங்கே சுகந்தி என்றொரு தங்கச்சி கணினிக் கடை நடத்துகிறார். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். முந்தின நாள் பின்னேரம் இடி விழுந்து பெட்டி எரிந்துவிட்டது. வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒருத்தி அழுதுகொண்டே நின்றாள்.

புதுப் பெட்டியோடு ஓடிப் போனேன். போய்ப் பார்த்தால், பழையதில் நான் செருகிவிட்ட பென்னும் சேர்ந்து கருகியிருந்தது. இணைப்பின் கடவுச்சொல்லும் அதற்குள்தான். அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, கேட்டு வாங்க ஓர் அலுவலகமும் திறந்திருக்காது. முழுக்க முழுக்க என் மடத்தனம். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

சுகந்தி உள்ளே போய் ஒரு பையைத் தூக்கிவந்தார். இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற பைதான்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் பொலித்தீனில் சுற்றி, சண்டையில் எழும்பி ஓட வேண்டிவந்தால் முதலில் கையில் எடுக்கிற பை. அதற்குள்ளிருந்து இன்னொரு பென் வந்தது. முந்தி நான் பென்னைச் செருகிவிட்டுப் போன பிறகு அவரே எடுத்து வைத்த பிரதி. அரை மணித்தியாலத்தில் இணையம் வந்தது. அழுதவளின் விண்ணப்பம்தான் முதலில் போனது. இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"ஏழு வயசில ஓடத் தொடங்கினனாங்கள் அண்ணை, முக்கியமானதை ஒரு இடத்தில மட்டும் வைக்க எனக்குப் பயம்."

என் வீட்டிலும் அப்படியொரு பை இருக்கிறது, எல்லாப் பத்திரமும் அதற்குள் பத்திரமாக இருக்கிறது, என் தொழிலைத்தான் இடி விழுகிற பெட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன்.